ஜெனரேட்டர் எந்த மாடியில்? பேரிடர் முன்னேற்பாடு: கேள்வி பதில்

கேள்வி (பள்ளித் தலைமையாசிரியை): எங்களிடம் 80 பக்கத்துக்குப் பேரிடர் மேலாண்மைத் திட்டம் இருக்கிறது. இன்னும் என்ன சேர்க்கலாம்?

பதில்: சேர்க்க வேண்டாம், குறையுங்கள். தீப்பிடித்த நேரத்தில் யாரும் 80 பக்கம் புரட்டப்போவதில்லை. யார் மணி அடிப்பது, யார் மின்சாரத்தைத் துண்டிப்பது, எந்த வாசல், எங்கே கூடுவது, வருகைப் பதிவேட்டை யார் எடுத்து வருவது, இவ்வளவும் ஒரே தாளில் வரட்டும். ஒவ்வொரு பெயருக்குக் கீழும் இரண்டு மாற்றுப் பெயர்கள் வேண்டும். நீங்கள் விடுப்பில் இருக்கும் நாளில்தான் அது நடக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

பெரும்பாலான திட்டங்கள் கோட்டைவிடுவது இதற்கு அடுத்த கட்டத்தில். பிள்ளைகள் மைதானத்துக்கு ஒழுங்காக வந்துவிடுவார்கள். அப்புறம் பெற்றோர் பதறியடித்துக்கொண்டு வருவார்கள். எந்தப் பிள்ளையை யாரிடம் ஒப்படைத்தோம் என்பதற்குக் கையெழுத்து வாங்கவில்லையென்றால், வீட்டுக்குப் போய்விட்ட பிள்ளையைக் கட்டடத்துக்குள் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

கேள்வி (மருத்துவமனை நிர்வாகி): ஜெனரேட்டரை மாதம் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறோம். போதாதா?

பதில்: எந்த மாடியில் இருக்கிறது? மேலே என்றால், டீசல் தொட்டியும் பம்பும் எங்கே? 2012 சாண்டி புயலின்போது நியூயார்க்கின் லாங்கோன் மருத்துவமனையில் ஜெனரேட்டர் இருந்தும் மின்சாரம் போனது. எரிபொருள் தொட்டி இருந்த அடித்தளத்தில் வெள்ளம் புகுந்துவிட்டது. பச்சிளம் குழந்தைகள் உட்பட 300-க்கும் மேற்பட்ட நோயாளிகளை இரவோடு இரவாக வெளியேற்ற வேண்டியதாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டுதான் புகுஷிமா அணுமின் நிலையத்தில் அவசர ஜெனரேட்டர்களும் மின்பலகைகளும் சுனாமி நீரில் மூழ்கியிருந்தன.

லோடு இல்லாமல், அதாவது எந்தக் கருவிக்கும் மின்சாரம் கொடுக்காமல், பத்து நிமிடம் ஓட்டுவதை நான் சோதனையாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன். லோடு கொடுத்து ஓட்டுங்கள். டீசல் கொண்டுவருவதாகச் சொன்னவர் வேறு எத்தனை பேருக்கு அதே வாக்கைக் கொடுத்திருக்கிறார் என்றும் கேட்டுவிடுங்கள்.

கேள்வி (அலுவலகப் பாதுகாப்புப் பொறுப்பாளர்): ஒத்திகையை ஊழியர்கள் வேடிக்கையாக எடுத்துக்கொள்கிறார்கள்.

பதில்: ஒவ்வொரு முறையும் அதே நேரம், அதே வாசல் என்றால் அப்படித்தான் ஆகும். அடுத்த முறை ஒரு வாசலை அடைத்துவிடுங்கள். வழிநடத்த வேண்டியவரிடம் "உங்களுக்கு அடிபட்டுவிட்டது" என்று சொல்லி ஓரமாக உட்கார வையுங்கள்.

ஜப்பானின் கமாயிஷியில் 2011-இல் நிலநடுக்கம் வந்ததும் கிழக்கு நடுநிலைப் பள்ளி மாணவர்கள் ஓடத் தொடங்கினார்கள். அதைப் பார்த்துப் பக்கத்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளும் ஓடினார்கள். குறித்து வைத்திருந்த இடத்தை அடைந்த பிறகும், அது போதாது என்று தோன்றவே இன்னும் மேலே போனார்கள். முதலில் நின்ற இடத்துக்கும் சுனாமித் தண்ணீர் வந்துவிட்டது. நிலைமையைப் பார்த்து முடிவெடுக்கவும் அவர்களைப் பழக்கியிருந்தார்கள்.

கேள்வி (தன்னார்வலர்): எச்சரிக்கை கொடுத்தும் மக்கள் வீட்டைவிட்டு வர மறுக்கிறார்கள். பிடிவாதமா?

பதில்: பிடிவாதம் என்று நாம் சொல்வதற்குள் பெரும்பாலும் ஒரு கணக்கு இருக்கும். மாட்டை என்ன செய்வது, வீட்டில் திருட்டுப் போனால், முகாமில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை உண்டா? இவற்றுக்குப் பதில் இல்லாமல் சைரன் ஊதிப் பயனில்லை. 1970 போலா புயலில் லட்சக்கணக்கானோர் இறந்த பிறகு, வங்கதேசம் 1972-இல் புயல் முன்னேற்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் உயிர்நாடி, ஒலிபெருக்கியுடன் வீடு வீடாகப் போகும் உள்ளூர்த் தொண்டர்கள்தான். தெரிந்த முகம் வந்து கூப்பிடும்போது கிளம்புகிறார்கள். கால்நடைகளுக்கும் மேட்டு நிலம் அமைத்துக் கொடுத்தது இன்னொரு காரணம்.

கேள்வி: வீட்டில் என்ன சேமிக்க வேண்டும்?

பதில்: ஆளுக்கு நாளொன்றுக்கு சுமார் 4 லிட்டர் தண்ணீர், குறைந்தது மூன்று நாளுக்கு. வழக்கமான மருந்துகள், டார்ச், ஆவண நகல்கள். மற்றதெல்லாம் அப்புறம். ஒரு விஷயம், சிறிய ஜெனரேட்டரையோ கரி அடுப்பையோ வீட்டுக்குள் பயன்படுத்தவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

கேள்வி: ஐந்தாவது மாடியில் இருக்கிறோம். அம்மா படுத்த படுக்கை. தீப்பிடித்தால் லிஃப்ட் கூடாது என்கிறார்களே?

பதில்: ஆமாம், கூடாது. அதே மாடியிலோ அடுத்த மாடியிலோ இரண்டு பேரிடம் இப்போதே பேசி வையுங்கள். "யாராவது வருவார்கள்" என்று விட்டுவிடாதீர்கள். படுக்கையிலிருப்பவர் எந்த அறையில் என்பதைக் காவலாளியிடமும் எழுதிக் கொடுங்கள். படிக்கட்டில் புகை இருந்தால் இறங்க வேண்டாம். ஜன்னல் உள்ள அறைக்குப் போய்க் கதவை மூடி, இடுக்கில் ஈரத் துணி அடைத்து, தீயணைப்புத் துறைக்கு இருப்பிடத்தைச் சொல்லுங்கள்.

சரி, இறக்குவதற்கு நாற்காலி வாங்கினால், அந்த இருவரையும் ஒருமுறை வெறும் நாற்காலியோடு இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். படிக்கட்டுத் திருப்பத்தில் அது திரும்புகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.