கல்யாண மாலைக்கு எந்தப் பூ மரபு?

மகள் கார்னேஷன் மாலை கேட்கிறாள், சம்பங்கியும் ரோஜாவும்தானே நம் மரபு என்று கேட்டிருக்கிறீர்கள். என் தங்கையின் கல்யாணத்திலும் இதே பஞ்சாயத்து நடந்தது. சம்பங்கி இல்லாத மாலையா என்று பெரியப்பா முறுக்கிக்கொண்டார். நிலச்சம்பங்கியின் தாயகம் மெக்சிகோ. வாசலில் தோரணமாகத் தொங்கும் துலுக்கச் செவ்வந்தியும் அங்கிருந்து வந்ததுதான். ஆகவே பூவின் பெயரை வைத்து மரபைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும்.

பழைய கல்யாணம் எப்படி இருந்தது என்று பார்க்க அகநானூற்றின் 86, 136ஆம் பாடல்கள் போதும். 86இல் பந்தலில் புதுமணல் பரப்பி, உளுந்துக் களி விருந்து நடக்கிறது. பிள்ளை பெற்ற பெண்கள் நால்வர் கூடி, 'கணவன் விரும்பிப் பேணும் துணையாக ஆகுக' என்று வாழ்த்தி, பூவும் நெல்லும் கலந்த நீரை மணப்பெண்ணின் தலையில் சொரிகிறார்கள். ஈர இதழும் நெல்லும் அவள் கூந்தலில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. விளைச்சலும் மணமும் சேர்ந்து இறங்கும் வாழ்த்து அது. இன்று உதிரிப்பூ கலந்த அட்சதையைத் தூவுகிறோமே, அது இதன் வாரிசு என்பது என் கணிப்பு.

136இல் இன்னொரு அழகு: வாகை இலையோடு அறுகின் முகையையும் சேர்த்து வெண்ணூலில் கட்டிச் சூட்டுகிறார்கள். அறுகு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. 'ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரோடி' என்று நம் பெரியவர்கள் இன்னும் வாழ்த்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். இரண்டு பாட்டிலும் மாலை மாற்றும் காட்சி கிடையாது.

மணமாலை, ஆண்டாளின் 'வாரணமாயிரம்' கனவில் வருகிறது. அங்கே அதைச் சூட்டுபவள் அந்தரி, அதாவது கண்ணனின் தங்கை. நாத்தனாருக்குக் கல்யாணத்தில் இருக்கும் உரிமை அவ்வளவு பழையது! அது என்ன பூ என்று ஆண்டாள் சொல்லவே இல்லை.

எனவே கார்னேஷனுக்குத் தாராளமாகச் சரி சொல்லுங்கள். நீலகிரியிலேயே பசுமைக்குடில்களில் விளைகிறது. அட்சதையில் பூ சேர்ப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். தை முகூர்த்தம் என்றால் தலைக்கு வைக்கும் மல்லிகைக்கு முன்பே சொல்லிவையுங்கள். பனியில் வரத்து குறைந்து விலை எகிறும். கார்னேஷனில் வாசனை குறைவு என்பதால் இடையிடையே மரிக்கொழுந்து வைத்துக் கட்டச் சொல்லுங்கள்.