பட்டுப் புடவைக்கு அடியில் ஒரு ரிப்போர்ட்

கேள்வி: தண்டையார்பேட்டையில் கூட்டுக் குடும்பமாக இருக்கிறோம். மகனுக்கு நாலு வயது. காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், ராத்திரியில் வறட்டு இருமல். இந்த வருடம் மூன்று தடவை வீசிங் வந்து நெபுலைசர் வைத்தோம். கைக்குழந்தையில் கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் கரப்பான் (எக்ஸிமா என்கிற தோல் அரிப்பு) இருந்தது. ஒன்றரை வயதில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் முட்டை, தூசிப் பூச்சி இரண்டுக்கும் அலர்ஜி என்று வந்தது. அந்தப் பேப்பரைப் பீரோவில் பட்டுப் புடவைக்கு அடியில் வைத்துவிட்டேன். (எனக்கும் சின்ன வயதில் இழுப்பு உண்டு.) சாம்பிராணி வேண்டாம் என்றால் மாமியார் கேட்பதில்லை. மணலி ஃபேக்டரிகளின் புகை வேறு. தாம்பரம் பக்கம் தனிக்குடித்தனம் போய்விடலாமா?

பதில்: மணலிப் புகைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை, இழுப்பு உள்ள பிள்ளைக்கு அது கெடுதல்தான். ஆனால் தூசிப் பூச்சி குடியிருப்பது மெத்தையில். பழைய இலவம்பஞ்சு மெத்தையை வண்டியில் ஏற்றினால் அதுவும் கூடவே தாம்பரம் வரும்.

என் கண்ணை உறுத்துவது அந்தப் புடவை. இரண்டரை வருடமாக அந்தப் பேப்பருக்கு அங்கே என்ன வேலை? அடைப்புக்குறிக்குள் எழுதிய வரியே சொல்லிவிட்டது. பெண் பார்க்க வந்தபோது உங்கள் இழுப்பைச் சொல்லவில்லை, அப்படித்தானே? இப்போது காட்டினால் 'உன் வீட்டுச் சீக்கு' என்பார்களோ என்று பயம். அந்தப் பயத்துக்கு மூச்சிரைக்கிறவன் பிள்ளை.

ரிப்போர்ட் தலையெழுத்து இல்லை. உடம்பு அந்தப் பொருளைப் பகையாளியாகக் குறித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். ஆனாலும் அலட்சியம் செய்கிற விஷயமா அது? ஜெர்மனியில் 1990-இல் பிறந்த 1,314 குழந்தைகளை வருடக்கணக்கில் பார்த்துவந்தார்கள். வீசிங் இருந்தும் அலர்ஜி இல்லாதவர்களில் 90 சதவீதம் பேருக்குப் பள்ளி வயதில் அது விட்டுப்போனது. மூன்று வயதுக்குள்ளேயே தூசிப் பூச்சி மாதிரி வருடம் முழுக்க வீட்டிலிருக்கும் பொருளுக்கு அலர்ஜி காட்டியவர்களுக்கோ, பள்ளி வயதில் நுரையீரலின் திறன் குறைந்திருந்தது. உங்கள் மகனுக்குக் கரப்பானும் இருந்தது, தாய் வழியில் இழுப்பும் இருக்கிறது. நெபுலைசர் வைத்த டாக்டரிடமாவது பேப்பரைக் காட்டினீர்களா? கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லையே!

மாமியாரைக் குறை சொல்கிறீர்கள். அவருக்கு என்ன தெரியும்? பேரனுக்குச் சளி பிடிக்கக்கூடாதே என்று தலை துவட்டிச் சாம்பிராணி போடுகிறார். அவர் தெரியாமல் செய்கிறார், நீங்கள் தெரிந்தே மறைத்தீர்கள். பிள்ளையின் உடம்பு தாய் பூட்டி வைக்கிற நகை இல்லையம்மா. தகப்பனுக்கும் அதில் பொறுப்பு உண்டு, பாட்டிக்கும் உண்டு. தனிக்குடித்தனம் போனாலும் வீட்டுக்காரரிடம் மறைத்துத்தானே வாழ்வீர்கள்?

பேப்பரை முதலில் வீட்டுக்காரரிடம் கொடுங்கள். இருவருமாகப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு குழந்தை மருத்துவரிடம் போங்கள்; ஸ்டான்லி ஆஸ்பத்திரி உங்களுக்குப் பக்கம்தான். உங்கள் இழுப்பையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். இன்ஹேலர் எழுதிக் கொடுத்தால் 'பழகிவிடும்' என்று அதையும் பீரோவில் வைக்காதீர்கள். முட்டை சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை என்றால் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவும் வேண்டாம். படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒரு தடவை 60 டிகிரி சூட்டில் துவையுங்கள். கொசுவத்தி வேண்டாம், வலை கட்டுங்கள்.

மாமியார் நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். இருக்கட்டும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு முன்னால் சொல்லிவிடுங்கள்.