ஒரு சிலிண்டரில் மட்டும் கம்ப்ரெஷன் குறைவு: இன்ஜினை இறக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: என் பெட்ரோல் கார் 1,20,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நிற்கும்போது இன்ஜின் உதறுகிறது. மேட்டில் இழுவை இல்லை. ஸ்பார்க் பிளக், காயில் மாற்றியும் சரியாகவில்லை. கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் அழுத்தும் காற்றின் அழுத்தம்) பார்த்ததில், நான்கு சிலிண்டர்களில் 1, 2, 4-ஆவதில் 170 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) வரையும், மூன்றாவது சிலிண்டரில் 90-உம் வந்தன. இன்ஜினை இறக்கி ரிங், பிஸ்டன் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். வேறு வழி உண்டா?

பதில்: உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள். மூன்றாவது சிலிண்டரில் காற்று கசிகிறது என்பதைத்தான் அந்த 90 சொல்கிறது. எந்த வழியாகக் கசிகிறது என்பது இன்னும் தெரியவில்லை. பிஸ்டனைச் சுற்றிக் காற்றை அடைக்கும் ரிங் வழியாக என்றால் மெக்கானிக் சொல்வது சரி. காற்றை உள்ளே விட்டு, புகையை வெளியே விடும் வால்வு வழியாக என்றால், சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும். டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் சிறு இடைவெளி) குறைந்து வால்வு முழுதாக மூடாமல் நிற்கிறது என்றால், சில வேளைகளில் ஹெட்டைக்கூடத் தொட வேண்டியதில்லை.

முதலில் அளவை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும். பெட்ரோலும் இக்னிஷனும் துண்டிக்கப்பட்டு, எல்லா பிளக்குகளும் வெளியே இருக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி, முள் ஏறி நிற்கும்வரை சுழற்ற வேண்டும். த்ராட்டில் (இன்ஜினுக்குள் காற்று நுழையும் வழியின் கதவு) மூடியிருந்தாலும் பேட்டரி தளர்ந்திருந்தாலும் நான்கிலுமே அளவு குறையும். வால்வுகளை உரிய நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட் பல் தாண்டியிருந்தாலும் அப்படித்தான். உங்களுக்கு ஒன்றில் மட்டும் குறைந்திருப்பதால் இவற்றின் மேல் எனக்குச் சந்தேகமில்லை.

பிறகு அந்தச் சிலிண்டருக்குள் ஒன்றிரண்டு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். ஆயில் ரிங்கின் இடுக்குகளைச் சிறிது நேரம் அடைத்துக்கொள்ளும். 90 என்பது 130, 140 என ஏறினால் கசிவு ரிங் பக்கம். அசையாமல் நின்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு). ஆயிலை அதிகமாக ஊற்றினால் உள்ளிருக்கும் இடமே சுருங்கி, பொய்யான உயர்வு காட்டும்.

நான் அதிகம் நம்புவது அடுத்த சோதனையைத்தான். மூன்றாவது பிஸ்டனை, இரு வால்வுகளும் மூடியிருக்கும் நிலையில் உச்சிக்குக் கொண்டுவந்து, பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் செலுத்துவார்கள். இன்ஜின் சுழன்றுவிடாதபடி பிடித்துக்கொள்ள வேண்டும். இனி காதுதான் கருவி. சைலன்சரில் சீறல் கேட்டால் புகை வெளியேறும் எக்சாஸ்ட் வால்வு. த்ராட்டில் பக்கம் கேட்டால் காற்று நுழையும் இன்டேக் வால்வு. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்ததும் பலமாகக் கேட்டால் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தாலோ பக்கத்துச் சிலிண்டரின் பிளக் துளையில் காற்று வந்தாலோ கேஸ்கெட். கேஸ்கெட் இரு சிலிண்டர்களுக்கு நடுவே போனால் பெரும்பாலும் அடுத்தடுத்த இரண்டிலும் அளவு சரியும். உங்கள் எண்களில் அந்த அடையாளம் இல்லை.

நீங்கள் ஆயில் குறைவதாகவோ நீலப் புகை வருவதாகவோ எழுதவில்லை. அதனால் என் ஊகம் எக்சாஸ்ட் வால்வின் மேல்தான் விழுகிறது. வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியை, மூடும்போது அது பதியும் வளையமான சீட்டில் அமரும் நொடிகளில்தான் இறக்கிவைக்கிறது. நாளடைவில் சீட் தேய்ந்து டேப்பட் இடைவெளி சுருங்கினால், அது சரியாக அமராது, சூடு இறங்காது, விளிம்பு கருகிவிடும். எரிவாயுவில் ஓடும் கார்களில் இந்தத் தேய்மானம் இன்னும் விரைவு. ஆகவே ஹெட்டைக் கழற்றுமுன் வால்வு கவரைத் திறந்து, குளிர்ந்த இன்ஜினில் ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) டேப்பட் இடைவெளியைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பட் உள்ள இன்ஜின் என்றால் இந்தச் சோதனை பொருந்தாது.

வால்வு கருகியிருந்தால் புதியது போட்டு, சீட்டைச் சீர்செய்து, ஹெட்டின் மட்டத்தையும் சரிபார்க்க வேண்டும். புதுக் கேஸ்கெட் கட்டாயம். ஹெட் போல்ட்டுகளைத் தயாரிப்பாளர் சொன்ன வரிசையிலும் முறுக்கிலும் மட்டுமே இறுக்க வேண்டும். பழைய போல்ட்டையே திரும்பப் போடலாமா என்பதையும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதுவரை நெடுந்தூரம் ஓட்டாதீர்கள். மூன்றாவது சிலிண்டரில் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதையும் கெடுத்துவிடும். செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வண்டியை அங்கேயே ஓரமாக நிறுத்திவிடுங்கள்.