வெளிநாட்டுத் தத்தெடுப்பு: பேப்பர் வேலையும் வீட்டு வேலையும் – வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வெளிநாட்டிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுக்க விண்ணப்பித்துவிட்டு, வேலை, வீடு, பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் சேர்த்துச் சமாளிக்கிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பதில்கள் 1993-ஆம் ஆண்டின் ஹேக் தத்தெடுப்பு உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளின் நடைமுறையை ஒட்டியவை. கால அளவும் படிவங்களும் நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் ஏஜென்சி எழுத்தில் தரும் பட்டியலையே முடிவானதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பட்டியலைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம். எதில் ஆரம்பிப்பது?

சுலபமாகக் கிடைப்பதை முதலில் வாங்கிவிடலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். காலதாமதம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஓர் ஆயுள் உண்டு. பிறப்புச் சான்று, திருமணச் சான்று, விவாகரத்துத் தீர்ப்பு ஆகியவற்றில் உள்ள விவரம் மாறாது. மருத்துவ அறிக்கை, காவல்துறை நன்னடத்தைச் சான்று, சம்பளச் சான்று, வங்கிக் கடிதம் போன்றவையோ பெரும்பாலும் ஆறு மாதமோ ஒரு வருடமோதான் செல்லும். டாக்டரிடம் போவது சுலபம் என்று மருத்துவ அறிக்கையை முதல் வாரமே வாங்கி வைத்தால், ஹோம் ஸ்டடி (சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து உங்களிடம் பேசி எழுதும் மதிப்பீடு) முடிவதற்குள் அது காலாவதியாகிவிடும். மறுபடி பரிசோதனை, மறுபடி நோட்டரி, மறுபடி அப்போஸ்டில் (ஆவணம் வெளிநாட்டில் ஏற்கப்பட அரசு அலுவலகம் ஒட்டித் தரும் சான்று).

ஆகவே ஆயுள் நீண்டதை முதலில் வாங்குங்கள், குறைந்ததைக் கடைசியில். முதல் சுற்றில் பிறப்பு, திருமணச் சான்றுகளும் பாஸ்போர்ட் புதுப்பிப்பும். சில நாடுகள் சமீபத்தில் வழங்கப்பட்ட பிரதிதான் வேண்டும் என்று கேட்கும், அதை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். அடுத்து ஹோம் ஸ்டடி நேர்காணல்கள். அதன் அறிக்கை முடியும் தறுவாயில் மருத்துவம், சம்பளம், வங்கி. கடைசியில் எல்லாவற்றையும் ஒரே கட்டாக நோட்டரிக்கும் அப்போஸ்டிலுக்கும் அனுப்புங்கள். நன்னடத்தைச் சான்று மட்டும் இந்த வரிசையில் அடங்காது. ஹோம் ஸ்டடிக்கே அது தேவைப்படும், பிறகு குழந்தையின் நாட்டுக்கு அனுப்பும் கோப்புக்காகப் புதிதாக இன்னொன்றும் கேட்கக்கூடும். வேறு நாடுகளில் வசித்திருந்தால் அங்கிருந்தும் சான்று கேட்பார்கள். கைரேகை, தபால் என்று எல்லாவற்றையும்விட அதிக நாள் இழுப்பது அதுதான் என்பதால், அந்த விண்ணப்பத்தை மட்டும் முதல் நாளே போட்டுவிடுங்கள்.

ஒரு எக்செல் தாள் போதும். ஆவணம், யாருடையது, விண்ணப்பித்த நாள், வழங்கப்பட்ட நாள், காலாவதி, நோட்டரி, அப்போஸ்டில், மொழிபெயர்ப்பு, இப்போது யாரிடம் இருக்கிறது என்று ஒன்பது பத்திகள். ஆயுள் பெரும்பாலும் வழங்கப்பட்ட நாளிலிருந்து எண்ணப்படும், உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல. காலாவதிக்கு 60 நாள் முன்பாக இருவரின் போனிலும் நினைவூட்டல் வையுங்கள்.

வேலையைப் பிரிக்கும்போது 'பாதி உனக்கு, பாதி எனக்கு' என்று பிரிக்காதீர்கள். ஒருவர் வாங்கட்டும், மற்றவர் ஒவ்வொரு தாளையும் பாஸ்போர்ட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடட்டும். தானே நிரப்பிய படிவத்தில் இருக்கும் பிழை தன் கண்ணுக்குப் படாது. இதற்கென்று வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். தினமும் ராத்திரி பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால் வேலையும் நகராது, தூக்கமும் கெடும்.

கேள்வி: அப்போஸ்டிலுக்கு அனுப்பியதில் மூன்று ஆவணங்கள் திரும்பி வந்துவிட்டன. எல்லாம் உண்மையான ஆவணங்கள்தானே?

உண்மையானவையாகவே இருக்கலாம். ஆனால் அப்போஸ்டில் உள்ளடக்கத்தைச் சரிபார்ப்பதில்லை. 1961 ஹேக் உடன்படிக்கையின்படி அது சொல்வது மூன்றே விஷயங்கள்: கையெழுத்து உண்மையானது, கையெழுத்திட்டவர் இன்ன பதவியில் இருந்து அதைச் செய்தார், முத்திரை அசலானது. அந்த அதிகாரியின் மாதிரிக் கையெழுத்து அப்போஸ்டில் வழங்கும் அலுவலகத்தின் பதிவில் இல்லாவிட்டால் அவர்களால் எதையும் உறுதிசெய்ய முடியாது.

திரும்பி வருவதற்கு வழக்கமான காரணங்கள் இவை. டாக்டர் கடிதமும் நிறுவனத்தின் சம்பளக் கடிதமும் தனியார் ஆவணங்கள், அவற்றில் முதலில் நோட்டரி கையெழுத்து வேண்டும். நோட்டரி தேதி போட மறந்திருப்பார். அல்லது அவருடைய பதவிக் காலமே முடிந்திருக்கும். முத்திரை எழுத்தின் மேல் விழுந்து பெயரை மறைத்திருக்கும். சில இடங்களில் நோட்டரிக்கும் அப்போஸ்டிலுக்கும் நடுவே இன்னொரு அலுவலகத்தின் சான்றொப்பமும் தேவைப்படும், அந்தப் படியைத் தாண்டிப் போயிருப்பீர்கள். லேமினேட் செய்த சான்றிதழைப் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று செய்த லேமினேஷனுக்காகப் புதுப் பிரதி வாங்க வேண்டியதுதான்.

அப்போஸ்டில் ஒட்டி வந்த ஆவணத்தில் ஸ்டேப்ளர் பின்னையோ நூலையோ கழற்றவே கழற்றாதீர்கள். ஸ்கேன் தட்டையாக வர வேண்டும் என்று பின்னை எடுத்து மறுபடி அடித்தால் பழைய துளை பக்கத்திலேயே தெரியும், தாள் மாற்றப்பட்டதாகச் சந்தேகம் வரும். பக்கத்தை மடக்கிப் பிடித்துக்கொண்டு போனில் படம் எடுத்தாலே போதும். மொழிபெயர்ப்பு பொதுவாக அப்போஸ்டிலுக்குப் பிறகுதான். அப்போதுதான் அப்போஸ்டில் பக்கமும் சேர்ந்து மொழிபெயர்க்கப்படும். அந்த நாடு 1961 உடன்படிக்கையில் இல்லையென்றால் வெளியுறவுத் துறை, பிறகு தூதரகம் என்று நீண்ட வழியில் போக வேண்டும். நாட்களைக் கூட்டிக் கணக்கிடுங்கள்.

கேள்வி: பிறப்புச் சான்றில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அதையே விரித்து எழுதிய பெயர். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விடக் கூடாது. பாஸ்போர்ட்டில் உள்ளதை அடிப்படையாக வைத்துக்கொண்டு, புதிதாக வாங்கும் எல்லா ஆவணத்திலும் அதையே கேட்டு வாங்குங்கள். பழைய சான்றுகளுக்கு 'இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும்' என்ற உறுதிமொழிப் பத்திரம் ஏற்கப்படுமா, திருத்தம்தான் செய்ய வேண்டுமா என்பதை ஏஜென்சியிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கோப்பு போய்ச் சேர்ந்த பிறகு திருத்துவது பல மாத வேலை.

கேள்வி: ஏழு வயது மகன், "தங்கச்சி எப்ப வருவா?" என்று தினமும் கேட்கிறான். என்ன சொல்வது?

தேதி சொல்லாதீர்கள். 'தீபாவளிக்கு', 'லீவுக்கு' என்றும் சொல்லாதீர்கள். தேதி தள்ளிப் போவது சாதாரணம், சில சமயம் வழியே அடைபடும். 2024-இல் சீனா வெளிநாட்டுத் தத்தெடுப்பை நிறுத்தியபோது பாதி வழியில் இருந்த குடும்பங்கள் அப்படியே நின்றன. ஒரு சிறு பையனுக்கு அது கொடுத்த வாக்கை மீறியதாகத்தான் தெரியும். "நம்ம வீட்டைப் பத்தி எழுதி அனுப்பியாச்சு, அவங்க படிச்சுப் பார்க்கிறாங்க" என்று, முடிந்த படியையும் இப்போது நடக்கும் படியையும் மட்டும் சொல்லுங்கள். 1993 தத்தெடுப்பு உடன்படிக்கையின் 17-ஆம் பிரிவின்படி இரு நாட்டு அதிகார அமைப்புகளும் 'தத்தெடுப்பு தொடரலாம்' என்று ஒப்புக்கொள்ளும் வரை குழந்தையின் பெயரையோ படத்தையோ அவனிடம் காட்ட வேண்டாம்.

ஹோம் ஸ்டடிக்கு வரும் சமூகப் பணியாளர் அவனிடமும் பேசுவார். பதில்களைச் சொல்லிக்கொடுத்து ஒப்பிக்க வைக்காதீர்கள். "எனக்குப் பயமா இருக்கு" என்று அவன் சொன்னால் அது உங்களுக்கு எதிராகப் போகாது. பிள்ளை மனம்விட்டுப் பேசுகிற வீடு என்றுதான் தெரியும். கோப்புகளைச் சாப்பிடும் மேஜையில் பரப்பாமல் ஓர் அலமாரித் தட்டோடு நிறுத்துங்கள். இந்தப் பேச்சே எடுக்காத ஒரு நாளும் வாரத்தில் இருக்கட்டும். காத்திருக்கும் இந்த மாதங்களும் அவனுடைய சிறுபிராயம்தான்.

கேள்வி: ஹோம் ஸ்டடி முடிந்தபின் கணவருக்கு வேறு வேலை கிடைத்தது. மாமியாரும் எங்களோடு வந்து தங்கப்போகிறார். சொல்லியே ஆக வேண்டுமா?

உடனே சொல்லுங்கள். வேலை, வருமானம், முகவரி, கர்ப்பம், பெரிய நோய், காவல்துறை வழக்கு, வீட்டுக்கு வரும் புதிய நபர் எதுவானாலும் சரி. மாமியாருக்கும் பின்னணிச் சரிபார்ப்பு நடக்கும், ஏனென்றால் பொதுவாகக் குழந்தையோடு ஒரே வீட்டில் வாழும் பெரியவர்கள் எல்லோரும் அதில் வருவார்கள். அறிக்கையோடு ஓர் இணைப்பு அறிக்கை சேர்ப்பார்கள், பெரும்பாலும் அவ்வளவுதான். மறைத்தது விசா நேரத்தில் தெரியவந்தால் சிக்கல் மாற்றத்தைப் பற்றியதாக இருக்காது, உங்கள் நேர்மையைப் பற்றியதாகிவிடும்.

கேள்வி: குழந்தையின் விவரம் வந்தால் சீக்கிரம் பதில் சொல்ல வேண்டுமாமே. எப்படித் தயாராவது?

மருத்துவரை இப்போதே பேசி வையுங்கள். இப்படிப்பட்ட அறிக்கைகளைப் படித்துப் பழகிய குழந்தை நல மருத்துவராக இருந்தால் நல்லது. அறிக்கை வந்ததும் அவர் முதலில் தேடுவது பிறந்த எடை, உயரம், தலைச் சுற்றளவு, ஒவ்வொன்றும் அளக்கப்பட்ட தேதி. ஒரே ஓர் அளவை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பல மாத அளவுகள் இருந்தால்தான் வளர்ச்சியின் போக்கு தெரியும். இல்லாததைக் கேட்டு வாங்குங்கள்: புதிய அளவுகள், தடுப்பூசிப் பதிவு, ரத்தப் பரிசோதனை முடிவுகள், குழந்தை நடப்பதும் பேசுவதும் தெரியும் சிறு வீடியோ. 'இந்தக் குழந்தைக்கு வேண்டியதை எங்களால் தர முடியாது' என்று சொல்வதற்கும் உங்களுக்கு உரிமை உண்டு. அறிக்கையைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், அது அந்தக் குழந்தையின் அந்தரங்கம்.

கேள்வி: சீக்கிரம் முடிக்க ரசீது இல்லாமல் பணம் கேட்கிறார்கள். பெற்ற தாயிடம் நேரில் பேசலாம் என்கிறார்கள்.

இரண்டுக்கும் சம்மதிக்காதீர்கள். முறையற்ற ஆதாயம் பெறுவதை அதே உடன்படிக்கையின் 32-ஆம் பிரிவு தடுக்கிறது. தாயின் சம்மதம் உள்ளிட்ட நிபந்தனைகள் நிறைவேறும் முன் பெற்றோரோடு தொடர்பு கூடாது என்கிறது 29-ஆம் பிரிவு. உறவுக்குள் நடக்கும் தத்தெடுப்பும், அதிகார அமைப்பு வகுத்த விதிப்படி நடக்கும் சந்திப்பும் மட்டுமே விலக்கு. உங்கள் நாட்டின் மத்திய அதிகார அமைப்புக்கு (உடன்படிக்கைப்படி தத்தெடுப்பைக் கவனிக்க அரசு நியமித்த அமைப்பு) எழுத்தில் தெரிவியுங்கள்.

கேள்வி: பயணத்தின்போது மூத்த பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுப் போகிறோம். என்ன எழுதி வைப்பது?

அவசர சிகிச்சைக்குச் சம்மதம் தரும் அதிகாரம், பள்ளிக்கான கடிதம், காப்பீட்டு அட்டையின் பிரதி, மருந்து அளவுகள். திரும்பும் நாளை நீதிமன்றத் தேதி தீர்மானிக்கும் என்பதால், அதிகாரக் கடிதத்தில் எதிர்பார்ப்பதைவிடக் கூடுதலாக ஒரு மாதம் சேர்த்தே எழுதுங்கள்.

கேள்வி: குழந்தை வீட்டுக்கு வந்ததும் பேப்பர் வேலை முடிந்துவிடுமா?

முடியாது. முக்கியமான ஒன்று தத்தெடுப்பு ஆனதும் கைக்கு வரும்: 23-ஆம் பிரிவின்படியான சான்றிதழ். தத்தெடுப்பு உடன்படிக்கைப்படி நடந்தது என்று அது சொல்வதால், மற்ற உறுப்பு நாடுகளும் அதைச் சட்டப்படி ஏற்றாக வேண்டும். அதில் பெயரும் தேதியும் சரியா என்று ஊர் திரும்பும் முன்பே பாருங்கள். குடியுரிமை தானாக வந்துவிட்டதா, தனியாக விண்ணப்பிக்க வேண்டுமா என்பதை அந்த வாரமே விசாரியுங்கள். குழந்தை வளர்ந்து பெரியவரான பிறகுதான் குடியுரிமையே இல்லை என்று தெரியவந்த குடும்பங்கள் உண்டு.

பின்தொடர் அறிக்கைகளுக்கும் காலண்டரில் இடம் வையுங்கள். உதாரணமாக, இந்தியா முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒன்றும் இரண்டாம் வருடம் ஆறு மாதத்துக்கு ஒன்றும் கேட்கிறது. அறிக்கைகள் ஒழுங்காக வராவிட்டால் அடுத்து வரிசையில் நிற்கும் குடும்பங்களுக்குத்தான் கதவு குறுகும். குழந்தையின் பூர்வீகம் பற்றிக் கிடைத்த ஒவ்வொரு துண்டுச் சீட்டையும், அந்த ஊர் மொழியில் இருந்தாலும் கசங்கியிருந்தாலும், தனி உறையில் போட்டு வையுங்கள். அது அந்தப் பிள்ளைக்குச் சொந்தம்.