மோர்கன்டவுன் (அமெரிக்காவுல மேற்கு வர்ஜீனியா மாநிலம்) வர்ற தம்பிக்கு: அந்தப் பாட்டு விஷயம்

தம்பி, வாடகை எவ்வளவு, குளிருக்கு எத்தனை ஜாக்கெட், மேற்கு வர்ஜீனியாவைப் பத்தின 'கண்ட்ரி ரோட்ஸ்' பாட்டைக் கத்துக்கிட்டு வரணுமான்னு மூணு கேள்வி கேட்டிருக்கீங்க. முதல் ரெண்டையும் உங்க சீனியர் பசங்ககிட்ட கேட்டுக்கோங்க. மூணாவதுல நான் நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டவன்.

2001ல வேலைக்குச் சேர்ந்த முதல் மாசம். மதியச் சாப்பாட்டு மேசையில அந்தப் பாட்டைப் பத்திப் பேச்சு வந்துச்சு. எங்கேயோ படிச்சு வச்சிருந்த திமிர்ல, "அது உங்க ஊர்ப் பாட்டே இல்லையே"ன்னு ஆரம்பிச்சேன். அதை எழுத ஆரம்பிச்ச பில் டேனாஃபும் டாஃபி நிவர்ட்டும் பக்கத்து மாநிலமான மேரிலாந்துல கிளாப்பர் ரோட்டுல கார்ல போறப்ப பிறந்த பாட்டு. டேனாஃப் அதுவரைக்கும் மேற்கு வர்ஜீனியாவுக்கு வந்ததே இல்ல. சொந்த மாநிலமான மாசசூசெட்ஸ் பேரையே போட்டுடலாமான்னுகூட யோசிச்சிருக்கார். மெட்டுக்கு அதுவும் பொருந்தும். பாடகர் ஜானி கேஷுக்குன்னு வச்சிருந்ததை 1970 டிசம்பர்ல இன்னொரு பாடகர் ஜான் டென்வர் கேட்டுட்டு விடல, மூணு பேருமா ராத்திரியே உக்காந்து முடிச்சாங்க. மறு வருஷம் அமெரிக்காவோட பில்போர்டு பாட்டு வரிசையில ரெண்டாம் இடம். பாட்டுல வர்ற புளூ ரிட்ஜ் மலையும் ஷெனண்டோவா ஆறும் பெரும்பாலும் வர்ஜீனியாவோடது, இங்க கிழக்கு ஓரத்தை உரசிட்டுப் போறதோட சரி. இத்தனையும் ஒப்பிச்சேன்.

எதிர்ல இருந்தவர் இந்த ஊர்க்காரர், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி மகன். அப்பா கரித்தூசி தின்ன நுரையீரலோட செத்தவர்னு எனக்குப் பிறகுதான் தெரியும். சாண்ட்விச்சை மடிச்சு எடுத்துக்கிட்டு எழுந்து போயிட்டார். ஒரு வாரம் தனியாத்தான் சாப்பிட்டேன்.

இன்னொண்ணு, ஊரை மொட்டையா 'வர்ஜீனியா'ன்னு சொல்லிடாதீங்க. 1863லயே தனி மாநிலமானது. பத்து வருஷமா இங்க இருக்கிற நம்மாளுங்களே அப்படித்தான் சொல்றாங்க. வெள்ளிக்கிழமையானா நம்ம ஜனம் நிறைய இருக்கிற நியூஜெர்சிக்குக் காரைக் கிளப்பிடறது, அப்புறம் "இந்த ஊர் ஒட்டல"ன்னு புலம்பல் வேற!

நான் அப்படி இல்ல. அந்த மனுஷன்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். அந்த வருஷமே என்னை அமெரிக்கன் ஃபுட்பால் மேட்ச்சுக்குக் கூட்டிட்டுப் போனார். ஜெயிச்சதும் ஒருத்தரும் கிளம்பல, ஸ்டேடியமே நின்னு அதைத்தான் பாடுச்சு. எனக்குப் பல்லவி மட்டும்தான் தெரியும், மிச்சத்துக்கு வாயசைச்சேன். 2014ல அதை மாநிலப் பாட்டுல ஒண்ணா அறிவிச்சப்ப முதல் போன் அவர்கிட்டேயிருந்துதான்.

கிளாப்பர் ரோட்டையும் ஒருதடவை போய்ப் பார்த்தேன். சிக்னலும் அபார்ட்மென்ட்டுமா கிடக்கு. திரும்பி வர்ற வழியில தோசை மாவு வாங்கிட்டு வந்தேன். அந்த மனுஷன்கிட்ட மட்டும் சொல்லல.