ஒரே பாஸிடம் எல்லா வேலையையும் கொடுக்கலாமா?

கேள்வி: நான் திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். கணவர் கட்டாரில் வேலை. வீட்டில் நாலு சின்ன வேலைகள் கிடக்கின்றன. குசினி டெப் ஒழுகுகிறது. ஓட்டுக் கூரையில் ஓரிடத்தால் மழைத்தண்ணி இறங்குகிறது. பின்கதவின் பிணைச்சல் கறள் பிடித்துக் கதவு தொங்குகிறது. அறைச் சுவரில் ஒரு ப்ளக் கறுத்துப் போயிருக்கிறது. தெரிந்தவர் மூலம் வந்த ஒரு பாஸ் (கைவேலைக்காரர்), நாலையும் தானே செய்து தருவதாகச் சொல்லி, சாமான், கூலி எல்லாம் சேர்த்து முழுக்காசையும் முதலிலேயே கேட்கிறார். கொடுக்கலாமா ஐயா?

பதில்: கொடுக்க வேண்டாம், தங்கச்சி. அவர் நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் முழுக்காசும் கைக்கு வந்துவிட்டால், சின்ன வேலை எப்போதும் வரிசையில் கடைசிக்குப் போய்விடும். பெரிய கொந்தராத்து ஒன்று வந்தால் அங்கே போவார். உங்கள் கதவு தொங்கியபடியே நிற்கும். எங்கள் வீட்டுக் குளியலறைக்கு நானும் இப்படி முழுக்காசு கொடுத்துவிட்டு, பாதி பதித்த மாபிளோடு மூன்று மாதம் இருந்திருக்கிறேன்.

முதலில் அந்த ப்ளக்கைத் தனியே எடுத்துவிடுங்கள். அது மேசனுக்கோ மரவேலை செய்யும் ஓடாவிக்கோ உரிய வேலையில்லை. ப்ளக் கறுப்பது பெரும்பாலும் உள்ளே வயர் தளர்ந்து சூடாவதால். வெளி மூடியை மட்டும் மாற்றிவிட்டுப் போனால் சூடு உள்ளே அப்படியே இருக்கும். வயரிங் படித்தவர்தான் வர வேண்டும். தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ், அதாவது என்.வி.கியூ., இருக்கிறதா என்று கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை. அவர் வரும்வரை அந்த ப்ளக்கில் எதையும் செருக வேண்டாம். மெயின் பெட்டியில் ட்ரிப் சுவிட்ச் இருக்குமே, அதில் ‘T’ என்ற ஆங்கில எழுத்துப் போட்ட சின்னப் பொத்தானை இன்றைக்கே அழுத்திப் பாருங்கள். டக்கென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் அதையும் மாற்றச் சொல்லுங்கள். அந்தச் செலவில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

டெப் சுலபம். திருகித் திருகி மூடுகிற பழைய வகை என்றால் உள்ளே இருக்கும் வாசர்தான் தேய்ந்திருக்கும். சில்லறைக் காசு வேலை. கால் சுற்றிலேயே மூடுகிற புது வகைக்கு வாசர் கிடையாது, உள்ளே இருக்கும் கட்டையையே மாற்ற வேண்டும். பார்த்தவுடனேயே புது டெப் வாங்கச் சொல்பவரிடம், “கழற்றிக் காட்டுங்கோ பாஸ்” என்று சொல்லுங்கள். வேலை தெரிந்தவர் கழற்றிக் காட்டுவார்.

கதவுக்கு வருவோம். கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். உப்புக் காற்றில் சாதாரண இரும்புப் பிணைச்சல் நின்று பிடிக்காது. ஹார்ட்வெயார் கடைக்குப் போகும்போது ஒரு காந்தத் துண்டைக் கொண்டு போங்கள். மஞ்சளாகப் பளபளக்கிற பிணைச்சலில் அதை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது பித்தளை இல்லை, முலாம் பூசிய இரும்பு. ஆணியையும் அதே மாதிரிப் பார்த்து வாங்க வேண்டும். பித்தளைப் பிணைச்சலுக்கு இரும்பு ஸ்குரூ ஆணி அடித்தால், முதலில் ஆணி கறள் பிடித்து அறும், கதவு திரும்பவும் தொங்கும். இதைக் கவனிக்காத ஓடாவிமார் எத்தனையோ பேர்.

இனிக் கூரை. உங்கள் காசு வீணாகப் போக இடமிருப்பது இங்கேதான். சீலிங்கில் கறை இருக்கிற இடத்துக்கு நேர் மேலே ஓடு உடைந்திருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். தண்ணி ஓட்டுக்கு அடியால் இறங்கி, ஓட்டைத் தாங்கும் சிலாகை வழியே ஓடி, எங்கேயோ தள்ளித்தான் சொட்டும். வந்ததும் ஏணி வைத்து ஏறி, கண்ட இடமெல்லாம் சீமெந்து பூசுபவரை நம்ப வேண்டாம். நல்ல பாஸ் முதலில் வீட்டுக்குள்ளே வந்து கறையைப் பார்ப்பார், எந்தக் காற்றோடு பெய்த மழைக்கு ஒழுகியது என்று கேட்பார். பிறகு ஒருவர் உள்ளே நிற்க, மற்றவர் ஹோஸ் பைப்பால் கீழ் வரிசையிலிருந்து மேலே மேலே தண்ணி அடித்துக்கொண்டு போவார். எந்த வரிசையில் அடிக்கும்போது உள்ளே சொட்டுகிறதோ, பிழை அங்கேதான். ஓடு நகர்ந்திருக்கலாம், முகட்டு ஓட்டின் சாந்து வெடித்திருக்கலாம், கூரைத் தண்ணி ஓடும் பீலியில் வேப்பஞ்சருகு அடைத்தும் இருக்கலாம். கடைசிச் சங்கதி என்றால் சருகை அள்ளிப் போட்டாலே சரி. ஏறும்போது பலகை போட்டு மிதிக்கிறாரா என்றும் பாருங்கள்; ஒன்றைத் திருத்தப் போய் நாலை உடைத்துவிட்டு இறங்குவதும் நடக்கிறது. வீட்டுக்குப் பின்னால் இறக்கிய பத்தியில் அஸ்பெஸ்டோஸ் சீற் போட்டிருந்தால் அதன் மேல் யாரையும் ஏற விட வேண்டாம், அதைக் காய்ந்தபடி அறுக்கவும் விட வேண்டாம். சீற் உடைந்தால் ஆள் விழுவார். அந்தத் தூசு நெஞ்சுக்குக் கேடு.

ஆளை எப்படிப் பிடிப்பது? போன மாதம் வேலை செய்வித்தவரை விட, போன வாடை மழைக்கு முன் செய்வித்தவரைக் கேளுங்கள். ஒரு மாரி தாங்கிய கூரைதான் சாட்சி சொல்லும். அலஸ்தோட்டம், சாம்பல்தீவுப் பக்கம் விசாரித்தாலே இரண்டு பேராவது அகப்படுவார்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு அந்தப் பக்கத்து மேசன்மாரும் காலையிலேயே ரவுனுக்கு வந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு வெள்ளிக்கிழமை ஜும்மா இருக்கிறது. முக்கியமான வேலையை அன்றைக்கு வைக்க வேண்டாம்.

காசு விசயத்தில் என் வழக்கம் இது. சாமான் பட்டியலை பாஸ் எழுதித் தருவார், வாங்குவது நான். பில் என்னிடம் இருக்கும். டெப், கதவு மாதிரி அளவு தெரிந்த வேலைக்கு மொத்தமாகக் கொந்தராத்து பேசலாம். கூரைக்கு அப்படிப் பேசினால் அவசரத்தில் பூசி மெழுகிவிட்டுப் போவார்கள், அதனால் நாட்கூலிதான் நல்லது. எத்தனை நாள் என்பதை மட்டும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். பத்து மணித் தேத்தண்ணியும் மதியச் சாப்பாடும் யார் பொறுப்பு என்பதையும் அப்போதே பேசிவிட்டால் பிறகு முகம் கோண வேண்டியதில்லை. கூரைக் கூலியில் ஒரு பங்கை, முதல் மழை பெய்து பார்த்த பிறகு தருவதாகச் சொல்லி வைத்திருங்கள். தன் வேலையில் நம்பிக்கை உள்ளவர் இதற்குச் சம்மதிப்பார். வேலை நடக்கிற நாளில் அம்மாவையோ பக்கத்து வீட்டு அக்காவையோ கூட இருக்கச் சொல்லுங்கள்.

உங்களிடம் வந்த பாஸையும் இப்போதே தள்ளிவிடத் தேவையில்லை. “முதலில் டெப்பையும் கதவையும் செய்து தாங்கோ, முடிந்த அன்றைக்கே கூலி தருகிறேன்” என்று சொல்லிப் பாருங்கள். ஒழுங்காகச் செய்தால் கூரையையும் அவரிடமே கொடுக்கலாம். ஆனால் ஒக்டோபர் பிறக்க முன் அதை முடித்துவிட வேண்டும். வாடை தொடங்கிய பிறகு ஓட்டில் ஏற ஆள் கிடைப்பது கஷ்டம்; கிடைத்தாலும், நனைந்த ஓட்டில் ஒருவரை ஏறச் சொல்ல நமக்கு மனம் வரக்கூடாது.