கேஸ் மாத்திரை வயிற்றைக் காக்கும், கிட்னியை அல்ல

கேள்வி: என் அம்மாவுக்கு 63 வயது. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. முழங்கால் வலிக்காக எட்டு மாதமாக மருந்துக் கடையில் கொடுக்கும் மாத்திரையைத் தினம் இரண்டு வேளை போடுகிறார். போன வாரம் கிட்னிக்கான ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 1.7 என்று வந்தது. பாதமும் வீங்கியிருக்கிறது. ‘வலி மாத்திரையை நிறுத்துங்கள்’ என்று மட்டும் சொல்லி மருத்துவர் அனுப்பிவிட்டார். கடைக்காரரோ, ‘கேஸ் மாத்திரை சேர்த்துப் போட்டால் ஒன்றும் செய்யாது’ என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? வலி தாங்காதவருக்கு என்னதான் கொடுப்பது?
- ஒரு வாசகி, அருப்புக்கோட்டை

சிறுநீரக மருத்துவர் பதில்:

மருத்துவர் சொன்னதுதான் சரி. ஏன் என்று இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம். காலையில் நூறு பேரைப் பார்க்க வேண்டிய இடத்தில் அந்த இரண்டு வார்த்தைக்குத்தான் நேரம் இருப்பதில்லை.

கேஸ் மாத்திரை வயிற்றில் புண் வராமல் ஓரளவு தடுக்கும். கிட்னியை அது காக்காது. டைக்ளோஃபினாக், அசெக்ளோஃபினாக், ஐபுப்ரூஃபன், நிமசுலைட் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கின்றன. வயலை நினைத்துக்கொள்ளுங்கள். வலி மாத்திரை தண்ணீர் வரும் மடையைச் சிறுக்க வைக்கிறது. உங்கள் அம்மாவின் பிரஷர் மாத்திரை என்னவென்று நீங்கள் எழுதவில்லை. சர்க்கரை உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் டெல்மிசார்ட்டான், ராமிப்ரில் போன்றவற்றைத்தான் எழுதுவோம். அது வடிகால் பக்கத்தைத் திறந்துவிடும். தனியாக இருந்தால் அது கிட்னிக்கு நல்லதுதான். அதோடு நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்தால் வாய்க்காலிலேயே தண்ணீர் குறைந்துவிடும். மூன்றும் ஒன்றாகச் சேரும்போது வயலில் தண்ணீர் நிற்குமா? பிரஷர் மாத்திரையின் பெயருக்குப் பின்னால் ‘எச்’ என்ற எழுத்து இருந்தால் பெரும்பாலும் நீர் பிரியும் மருந்தும் அதற்குள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். அதற்காகப் பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். நிறுத்த வேண்டியது வலி மாத்திரையை.

இந்த வயதுப் பெண்ணுக்கு 1.7 என்றால் சிறுநீரகம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வடிகட்டுகிறது. ‘கொஞ்சம் ஏறியிருக்கு’ என்று சொல்லும் விஷயமில்லை. ஆனால் இதில் சர்க்கரையின் பங்கு எவ்வளவு, மாத்திரையின் பங்கு எவ்வளவு என்பது மாத்திரையை விட்டால்தான் தெரியும். மாத்திரை செய்த கெடுதல் பல சமயம் ஓரளவு திரும்பும். இரண்டு வாரம் கழித்து கிரியேட்டினினும் பொட்டாசியமும் பாருங்கள். சர்க்கரை மாத்திரையின் அளவையும் அப்போது மருத்துவரிடம் கேளுங்கள்.

இனி கடைக்கு வருகிறேன். அட்டையிலிருந்து கத்தரித்து, பேப்பர் கவரில் போட்டு, ‘ஒரு செட் காலையில், ஒரு செட் ராத்திரி’ என்று கொடுக்கிறார்களே, அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சில செட்டுகளில் சின்னதாக ஒரு ஸ்டீராய்டும் இருக்கும். மறுநாளே வலி பறந்துவிடும், சர்க்கரை ஏறும், முகம் உப்பும், ‘அம்மா பூசினாற்போல் ஆகிவிட்டார்’ என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். மூட்டு வலிக்கென்று ஊர் ஊராகப் பொடி விற்கிறவர்களிடமும் இதே பயம் உண்டு. அம்மாவின் செட்டில் அப்படி ஏதும் இருந்திருக்கலாம் என்று தோன்றினால் மருத்துவரிடம் இன்றே சொல்லுங்கள். மாதக்கணக்கில் போட்ட ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

டைக்ளோஃபினாக் அட்டையில் சிவப்புக் கோடு இருக்கும். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பதற்காக. சீட்டு கேட்ட கடையை நீங்கள் பார்த்ததுண்டா? பார்மசிஸ்ட்டின் சான்றிதழ் சுவரில் தொங்கும், மாத்திரையை எடுத்துக் கொடுப்பது பத்தாவது படித்த பையன். 2024 ஆகஸ்டில் மத்திய அரசு 156 கூட்டு மருந்துகளைத் தடை செய்தது. அசெக்ளோஃபினாக் 50 மில்லிகிராம், பாராசிட்டமால் 125 மில்லிகிராம் கலவையும் அதில் ஒன்று. அதே இரண்டு மருந்தும் 100, 325 என்ற அளவில் சேர்ந்த மாத்திரையை எந்தக் கடையிலும் வாங்கலாம். இதே டைக்ளோஃபினாக் போட்ட மாடுகளின் சடலத்தைத் தின்ற பாறு கழுகுகள் கிட்னி செயலிழந்து கூட்டம் கூட்டமாகச் செத்தன. 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். கழுகுக்கு இருக்கிற அக்கறையில் கால்வாசி நம் அம்மாக்களுக்கு இருந்தால் போதும்.

மாத்திரைக்குப் பதில் ஊசி போட்டுக்கொண்டால் தப்பிக்கலாம் என்பதும் பொய். ரத்தத்தில் கலந்துதான் வலி குறைகிறது, ரத்தம் கிட்னிக்குத்தான் போகிறது.

‘வலி மாத்திரை குடும்பம் மொத்தமும் வேண்டாம்’ என்றால் ஒரு விலக்கைச் சொல்லியாக வேண்டும், ஆஸ்பிரின். அதுவும் இந்தக் குடும்பம்தான். ஆனால் இதய நோயாளிகளுக்குக் கொடுக்கும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் வலிக்காக அல்ல, ரத்தம் உறையாமல் இருக்க. இதய ரத்தக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர் அதை நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். இப்படிப்பட்ட பதிலை அரைகுறையாகப் படித்துவிட்டு, ‘டாக்டரே கிட்னிக்கு ஆகாது என்று எழுதியிருக்கிறார்’ என்று அப்பாவின் ஆஸ்பிரினைத் தூக்கிப்போடுகிறவர்கள் உண்டு. சில வேளை அது கொழுப்பு மாத்திரையோடு ஒரே கேப்ஸ்யூலில் இருக்கும், பெயரைப் பார்த்தால் தெரியாது. பல் பிடுங்கப் போகிறேன், வயிறு எரிகிறது, விரதம், எந்தக் காரணமானாலும் இதய மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். அம்மாவுக்கு இதயப் பிரச்சினை இல்லையென்றால் இந்தப் பத்தி உங்களுக்கு இல்லை.

சரி, வலிக்கு என்ன? பாராசிட்டமால் 650, ஆறு மணி நேர இடைவெளியில், நாளைக்கு நான்குக்கு மேல் வேண்டாம். கல்லீரல் கோளாறு இருந்தால் அதுவும் மருத்துவரைக் கேட்டுத்தான். சளி மாத்திரைகளில் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும், இரண்டையும் சேர்த்துப் போட்டால் கணக்கு தப்பும். ‘இதில் குறையவே இல்லை’ என்று அம்மா சொல்வார். வெந்நீர் ஒத்தடமும், நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கும் பயிற்சியும் சேர்ந்தால்தான் குறையும், அதுவும் மெதுவாக. பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒருமுறை கற்றுக்கொண்டு வந்தால் போதும்.

மலம் கறுப்பாகப் போனாலோ, சிறுநீர் குறைந்தாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ இரண்டு வாரம் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும், அந்த பேப்பர் கவர் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.